ஏன் 7, 11, 13? முப்பது வருடம் தாமதமான ஒரு பதில்



இது கொஞ்சம் நீளமான பதிவு. ஒரு தாளும் பேனாவும் எடுத்து வைத்துக்கொண்டு படியுங்கள். போனில் இருக்கும் கால்குலேட்டரும் பக்கத்தில் இருக்கட்டும். வகுப்பில் அனுமதித்ததில்லை, இன்றைக்கு அனுமதி உண்டு.

போன வாரம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் தம்பி மகன் ஒரு செய்தியை ஃபார்வர்டு செய்திருந்தான். உங்கள் வயதை 3-ஆல் பெருக்குங்கள், வந்ததை 7-ஆல் பெருக்குங்கள், பிறகு 13-ஆல், கடைசியாக 37-ஆல் பெருக்குங்கள், அதிசயம் நடக்கும், பத்துப் பேருக்கு அனுப்புங்கள் என்று இருந்தது. எனக்கு 68 வயது. போட்டுப் பார்த்தால் 686868. மாப்பிள்ளைக்கு 41, அவருக்கு 414141. குழு முழுக்கக் கைதட்டல் படங்கள்.

என் பேத்திக்கு 9 வயது. அவளும் அம்மாவின் போனை வாங்கிப் போட்டுப் பார்த்திருக்கிறாள். 90909 என்று வந்தது. "தாத்தா, எனக்கு மட்டும் நடுவுல ஜீரோ வருது. எனக்கு இந்த மேஜிக் வேலை செய்யல" என்று குரல் செய்தி அனுப்பினாள். அதற்குக் குழுவில் ஒருவர் (பெயர் வேண்டாம், படித்துக்கொண்டுதான் இருப்பார்) எழுதிய பதில்: "சின்னப் பிள்ளைங்களுக்கு வராதும்மா, பெரியவங்களுக்குத்தான்."

எனக்குச் சிரிப்பு வந்தது. கொஞ்ச நேரத்தில் கோபமும் வந்தது. அந்தக் குழுவில் இருக்கும் இருபத்தேழு பேரில் அவள் ஒருத்திதான் சரியான கேள்வியைக் கேட்டாள். அவளுக்குத்தான் தவறான பதில் கிடைத்தது.

ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்கு வந்தபோது தாளை எடுத்து உட்கார வைத்தேன். வயதையே தொடாதே, நாலு எண்ணையும் மட்டும் பெருக்கு என்றேன். 3×7=21. 21×13=273. 273×37=10101. அதைப் பார்த்த உடனே அவளே சொன்னாள்: "அப்போ வயச 10101-ஆல பெருக்குறோம், அவ்வளவுதானா?" அவ்வளவுதான். 68-ஐ 10101-ஆல் பெருக்கினால் 680000 + 6800 + 68. மூன்று 68-கள் தள்ளித் தள்ளி உட்காருகின்றன. 9-ஐப் பெருக்கினால் 90000 + 900 + 9. ஒவ்வொரு இருக்கையும் இரண்டு இலக்கத்துக்கானது. 9 என்பது 09 ஆக உட்காருகிறது, முன்னால் நிற்கும் பூஜ்யத்தை நாம் எழுதுவதில்லை. "அப்போ எனக்கும் வேலை செஞ்சிருக்கு!" என்று குதித்தாள். அதோடு விடவில்லை. "நூறு வயசு ஆனா என்ன ஆகும்?" என்றாள். போடச் சொன்னேன். 1010100 வந்தது. மூன்று இலக்கம் இரண்டு இருக்கையில் கொள்ளாது, பக்கத்து இருக்கையில் ஏறிவிடுகிறது. அதையும் அவளேதான் சொன்னாள்.

இப்போது என் கருத்துக்கு வருகிறேன். எண் விளையாட்டுகளை, பெருக்கல் குறுக்குவழிகளைக் குழந்தைகளுக்குக் காட்டுங்கள். தாராளமாகக் காட்டுங்கள். ஆனால் காரணம் சொல்லாமல் காட்டாதீர்கள். காரணம் உங்களுக்குத் தெரியவில்லை என்றால் "எனக்கும் தெரியல, சேர்ந்து பார்ப்போம்" என்று சொல்லுங்கள். காரணம் இல்லாத குறுக்குவழி குழந்தைக்குக் கணக்கு சொல்லித் தருவதில்லை. கணக்கு என்றால் யாரோ பெரியவர்கள் வைத்திருக்கும் ரகசியம் என்ற நினைப்பைத்தான் தருகிறது.

இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று நீங்கள் கேட்கலாம். தகுதி கிடையாது. நானே அந்தத் தப்பைச் செய்தவன். அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

எட்டாம் வகுப்பில் என்னிடம் படித்தவர்களுக்கு வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியட் நினைவிருக்கும். "ஏதாவது மூன்று இலக்க எண் எழுது. 7-ஆல் பெருக்கு. 11-ஆல் பெருக்கு. 13-ஆல் பெருக்கு" என்பேன். 482 எழுதினவனுக்கு 482482 வரும். 915 எழுதினவளுக்கு 915915. வகுப்பே கத்தும். "சார் மந்திரம் போடுறாரு" என்பீர்கள். நானும் மீசையை முறுக்கிக்கொண்டு நிற்பேன். பெல் அடிக்கும், போய்விடுவோம்.

ஒரு வெள்ளிக்கிழமை இரண்டாவது பெஞ்சில் இருந்து ஒரு பையன் எழுந்து கேட்டான்: "சார், ஏன் 7, 11, 13? 7, 11, 17 போட்டா வராதா?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அதெல்லாம் பரீட்சைக்கு வராது, உட்காரு" என்றேன். அவன் உட்கார்ந்தான். அந்த வருடம் முழுக்க வேறு கேள்வி கேட்டதாக எனக்கு நினைவில்லை.

இது நடந்து முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. அந்தப் பையன் இப்போது என் நண்பர் பட்டியலில் இருக்கிறான். ஒவ்வொரு ஆசிரியர் தினத்துக்கும் வாழ்த்து அனுப்புகிறான். தம்பி, நீ இதை மறந்திருப்பாய். நான் மறக்கவில்லை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன். உன் கேள்விக்குப் பாதிப் பதில்தான் அன்றைக்கு எனக்குத் தெரியும். மீதிப் பாதியை நான் யோசித்ததே இல்லை. அதை மறைக்கத்தான் பரீட்சையைச் சொன்னேன். இன்றைக்கு முழுப் பதிலையும் எழுதுகிறேன்.

முதல் பாதி சுலபம். 7×11×13=1001. எந்த எண்ணையும் 1001-ஆல் பெருக்கினால் அந்த எண்ணின் ஆயிரம் மடங்கோடு அந்த எண்ணையே கூட்டியதாக ஆகும். 482000 + 482 = 482482. மந்திரம் ஒன்றும் கிடையாது.

இரண்டாம் பாதிதான் நீ கேட்டது. வேறு மூன்று பகா எண்களைப் போட்டால் வராதா? வராது. ஏனென்றால் 1001-ஐப் பகா எண்களின் பெருக்கலாக ஒரே ஒரு விதமாகத்தான் எழுத முடியும். வரிசையை மாற்றலாம், 13-ஐ முதலில் போடலாம். ஆனால் ஆட்கள் அதே மூவர்தான். 7, 11, 17 போட்டால் 1309 வரும். 482-ஐ 1309-ஆல் பெருக்கினால் 630938. அதில் ஒரு அழகும் இல்லை. இது 1001-க்கு மட்டும் உள்ள குணம் இல்லை. 1-ஐ விடப் பெரிய எந்த முழு எண்ணை எடுத்தாலும், ஒன்று அது பகா எண்ணாக இருக்கும், அல்லது பகா எண்களின் பெருக்கலாக ஒரே விதத்தில் பிரியும். இதற்கான அடித்தளத்தை யூக்ளிட் போட்டார். 1801-ல் வந்த தன் நூலில் கவுஸ் இதைத் தெளிவாக எழுதி நிறுவினார். எண்கணிதத்தின் அடிப்படைத் தேற்றம் என்றே இதற்குப் பெயர். ஆக, "பரீட்சைக்கு வராது" என்று நான் உட்கார வைத்த கேள்வி, எண்கணிதத்தின் அடிப்படைக் கேள்வி. மன்னித்துக்கொள் தம்பி.

காரணம் தெரிந்தால் இன்னொரு லாபமும் உண்டு. ஒரு வித்தையில் இருந்து பத்து வித்தை பிறக்கும். 1001 உங்கள் கையில் இருந்தால், ஒரு பெரிய எண் 7, 11, 13-ஆல் வகுபடுமா என்று மூன்றையும் ஒரே தடவையில் பார்த்துவிடலாம். 364728 என்ற எண்ணை எடுங்கள். வலப்பக்கத்தில் இருந்து மூன்று மூன்று இலக்கமாக வெட்டுங்கள். 364, 728. கழியுங்கள். 728−364=364. இந்தச் சின்ன எண்ணுக்கு என்ன மீதியோ அதுதான் பெரிய எண்ணுக்கும் மீதி. 364 என்பது 7×52, 13×28. ஆகவே 364728-ம் 7-ஆலும் 13-ஆலும் மீதியின்றி வகுபடும். 364-ஐ 11-ஆல் வகுத்தால் மீதி 1. பெரிய எண்ணுக்கும் அதே மீதி 1. ஏன்? 364728 என்பது 364×1000 + 728. இதையே 364×1001 + (728−364) என்று எழுதலாம். முதல் பகுதி 7, 11, 13 மூன்றாலும் வகுபட்டுவிடும். மிச்சம் இருப்பது வித்தியாசம் மட்டும். எண் இன்னும் நீளமாக இருந்தால் வலப்பக்கக் குழுவில் ஆரம்பித்து, ஒன்றைக் கூட்டி அடுத்ததைக் கழித்து மாற்றி மாற்றிப் போகவேண்டும்.

ஒரு எச்சரிக்கை. நாம் லட்சம், கோடி என்று கமா போடும் பழக்கத்தில் 3,64,728 என்று வெட்டிவிடக் கூடாது. இங்கே எல்லாக் குழுவும் மூன்று இலக்கம். 1001-ல் இருந்து வந்த முறை என்று தெரிந்தவன் இந்தத் தவறைச் செய்யமாட்டான். விதியை மட்டும் மனப்பாடம் செய்தவன் செய்வான்.

இப்போது வேகக் கணக்கு வகுப்புகள் விஷயம். மாதத்துக்கு ஒருவராவது எனக்குப் போன் செய்து, "சார், பையனை ஸ்பீடு மேத்ஸ்ல சேர்க்கலாமா?" என்று கேட்கிறீர்கள். ஒரு சம்பவம் சொல்கிறேன், நீங்களே முடிவு செய்யுங்கள்.

எங்கள் தெருவில் ஒரு பையன் அப்படி ஒரு வகுப்புக்குப் போகிறான். கெட்டிக்காரன். 11-ஆல் பெருக்கும் குறுக்குவழியை எனக்குச் செய்து காட்டினான். 53×11 என்றேன். கண்ணிமைக்கும் நேரத்தில் 583 என்றான். 5-க்கும் 3-க்கும் நடுவில் கூட்டுத்தொகை 8-ஐப் போடவேண்டும். சபாஷ் என்றேன். 87×11 என்றேன். அதே வேகத்தில் 8157 என்றான்.

"87×10 எவ்வளவுப்பா?" "870." "அப்போ 87×11?" கொஞ்சம் யோசித்தான். "ஆனா ட்ரிக் படி 8157 தானே தாத்தா வரணும்?" என்றான்.

870-க்கு மேல் இன்னும் ஒரே ஒரு 87 சேர்த்தால் எட்டாயிரம் வருமா என்று அவனுக்குத் தோன்றவில்லை. தோன்றுவதற்கு அவனை யாரும் விடவில்லை. ஒரு கடைக்காரர் பில்லில் இப்படி ஒரு தொகை வந்தால் படிக்காத மனுஷியும் "என்னப்பா இது?" என்று கேட்பார். இவன் கேட்கவில்லை. 870-க்குக் கீழே 87-ஐ எழுதிக் கூட்டச் சொன்னேன். ஒன்றின் இடத்தில் 7, பத்தின் இடத்தில் 7+8=15, 5 போட்டு 1-ஐ ஏற்று, ஆக 957. "ஓ, நடுவுல போடுறது இதனாலதானா!" என்றான். அந்தப் பையனிடம் கோளாறு எதுவும் இல்லை. பத்து நிமிடத்தில் புரிந்துகொண்டான். அந்தப் பத்து நிமிடத்தை அவனுக்கு யாரும் கொடுக்கவில்லை என்பதுதான் என் வருத்தம்.

மறுபக்கமும் எனக்குத் தெரியும். வங்கித் தேர்வுக்கும் அரசுத் தேர்வுக்கும் படிக்கும் என் மாணவர்கள் பலர் உண்டு. அங்கே ஒரு கேள்விக்கு ஒரு நிமிடம்கூடக் கிடையாது. குறுக்குவழி இல்லாமல் முடியாது என்பார்கள். ஒப்புக்கொள்கிறேன். அந்த வயதில், பெருக்கல் என்றால் என்னவென்று தெரிந்த பிறகு, வேகம் வேண்டும்தான். 17×19 என்று பார்த்ததும் நடுவில் 18 இருக்கிறது, 18-இன் வர்க்கம் 324, அதில் ஒன்று குறைத்தால் 323 என்று சொல்லத் தெரிவது நல்ல விஷயம். 29×31 என்றால் 900-ல் ஒன்று குறைய 899. காரணம் தெரிந்தவனுக்கு இது வேகம், தெரியாதவனுக்கு இன்னொரு மனப்பாடம். ஒன்பது வயதுக் குழந்தைக்கு எந்த அவசரமும் இல்லை.

"இத்தனை எண்களுக்குச் சரியாக வருகிறதே, அப்புறம் காரணம் எதற்கு?" என்று கேட்பவர்களுக்கு ஒரு உதாரணம். 31 பகா எண். 331 பகா எண். 3331, 33331, 333331, 3333331, 33333331 எல்லாமே பகா எண்கள். ஏழு தடவை சரியாக வந்துவிட்டது. எட்டாவதையும் கண்ணை மூடிக்கொண்டு பகா எண் என்று சொல்லத் தோன்றும். ஆனால் 333333331 = 17×19607843. நம்பாதவர்கள் பெருக்கிப் பாருங்கள். பெரிய மேதைகளும் இதில் விழுந்திருக்கிறார்கள். 3, 5, 17, 257, 65537 என்று ஒரு வரிசை. ஒவ்வொன்றிலும் ஒன்றைக் கழித்து, வர்க்கம் எடுத்து, ஒன்றைக் கூட்டினால் அடுத்தது வரும். ஐந்தும் பகா எண்கள். இனி வருவதெல்லாமே பகா எண்கள்தான் என்று 17-ஆம் நூற்றாண்டில் ஃபெர்மா நம்பினார். அடுத்த எண் 4294967297. அது 641×6700417 என்று 1732-ல் ஆய்லர் காட்டினார். ஐந்து தடவை சரியாக வந்தது ஆறாவது தடவைக்கு உத்தரவாதம் இல்லை.

அடுத்து, நம் குழுவில் அடிக்கடி சுற்றும் 142857. தெய்வீக எண், பிரமிடு ரகசியம் என்றெல்லாம் எழுதுகிறார்கள். 2-ஆல் பெருக்கினால் 285714. 3-ஆல் 428571. 4-ஆல் 571428. 5-ஆல் 714285. 6-ஆல் 857142. அதே ஆறு இலக்கங்கள் வட்டமாகச் சுற்றுகின்றன. 7-ஆல் பெருக்கினால் 999999. அழகுதான், நானும் ரசிப்பவன்தான். ஆனால் இது ஐந்தாம் வகுப்பு நீள்வகுத்தலில் இருந்து வருவது. 1-ஐ 7-ஆல் வகுத்துக்கொண்டே போங்கள். மீதிகள் 1, 3, 2, 6, 4, 5 என்று வந்து மறுபடி 1-க்குத் திரும்பும். 7-ஆல் வகுத்தால் மீதியாக வரக்கூடியவை ஆறுதான், ஆறும் வந்துவிட்டன. 2-ஐ 7-ஆல் வகுப்பது என்றால் இதே ராட்டினத்தில் மீதி 2 இருக்கும் இடத்தில் ஏறுவது, அவ்வளவுதான். அதனால்தான் 285714.

எல்லாப் பகா எண்ணுக்கும் இப்படி ஒரே ராட்டினமா? இல்லை. 1-ஐ 13-ஆல் வகுத்தால் 076923 திரும்பத் திரும்ப வரும். 2-ஐ 13-ஆல் வகுத்தால் 153846 வரும். பன்னிரண்டு மீதிகளும் ஆறு ஆறாக இரண்டு ராட்டினத்தில் பிரிந்துவிடுகின்றன. 17-க்கு மறுபடியும் ஒரே ராட்டினம், பதினாறு இலக்கம். நூறுக்குள் ஒரே ராட்டினத்தில் சுற்றும் பகா எண்கள் 7, 17, 19, 23, 29, 47, 59, 61, 97. இப்படிப்பட்டவை முடிவில்லாமல் வந்துகொண்டே இருக்குமா? இருக்கும் என்று சொல்லும் ஒரு ஊகத்தை 1927-ல் எமில் ஆர்டின் முன்வைத்தார். இன்றுவரை யாரும் அதை நிறுவவில்லை. அதிசயம் வேண்டும் என்றால் இதை ஃபார்வர்டு செய்யுங்கள். ஐந்தாம் வகுப்பு வகுத்தலில் ஆரம்பிக்கும் ஒரு கேள்விக்கு உலகத்தில் யாரிடமும் இன்னும் விடை இல்லை.

எண்களோடு விளையாடுவதை நான் மட்டம் தட்டுவதாக நினைக்க வேண்டாம். நாசிக் பக்கத்தில் தேவ்லாலியில் காப்ரேக்கர் என்று ஒரு பள்ளி ஆசிரியர் இருந்தார். வாழ்நாள் முழுக்க எண்களோடு விளையாடியவர், 6174 என்ற எண்ணால் உலகப் புகழ் பெற்றவர். அவர் பெயரால் சொல்லப்படும் எண் வகையில் நம் 142857-ம் ஒன்று. அதன் வர்க்கம் 20408122449. அதை 20408, 122449 என்று வெட்டிக் கூட்டினால் மறுபடியும் 142857. அவர் விளையாடினார், ஆனால் ஏன் ஏன் என்று கேட்டுக்கொண்டே விளையாடினார். நான் சொல்வதும் அதைத்தான்.

ஆகவே பெற்றோராகிவிட்ட என் மாணவர்களிடம் இரண்டு வேண்டுகோள். ஒன்று, பிள்ளையை எந்த வகுப்பில் சேர்த்தாலும் சேருங்கள், ஆனால் வீட்டுக்கு வந்ததும் "இது ஏன் வருது?" என்று ஒரு தடவை கேளுங்கள். பதில் வராவிட்டால் அந்த வகுப்பில் கேட்கச் சொல்லுங்கள். அங்கேயும் பதில் வராவிட்டால் கட்டணத்தை யோசியுங்கள். இரண்டு, பிள்ளை கேள்வி கேட்கும்போது "உனக்கு வராது", "பரீட்சைக்கு வராது" என்ற இரண்டு வாக்கியங்களையும் சொல்லாதீர்கள். அதில் ஒன்றைச் சொன்னவன் நான். முப்பது வருடமாக அது உறுத்திக்கொண்டே இருக்கிறது.

கடைசியாக வீட்டுப்பாடம். தப்பிக்க முடியாது. மூன்று இலக்க எண்ணை இரட்டிக்க 7, 11, 13 வேண்டியிருந்தது. நான்கு இலக்க எண்ணை இரட்டிக்க, அதாவது 2468-ஐ 24682468 ஆக்க, இரண்டே பகா எண்கள் போதும். அவை எவை? கமெண்டில் எழுதுங்கள். விடை மட்டும் எழுதினால் பாதி மதிப்பெண். ஏன் என்று எழுதினால்தான் முழு மதிப்பெண். பேத்தி ஏற்கெனவே உட்கார்ந்துவிட்டாள், அவளை முந்துங்கள் பார்ப்போம்.

இரண்டாவது பெஞ்சுத் தம்பி, உன் பதிலுக்குத்தான் முதலில் காத்திருக்கிறேன். உனக்கு வேறு கேள்வி இருந்தாலும் கேள். இந்தத் தடவை உட்காரச் சொல்லமாட்டேன்.

அன்புடன்,
உங்கள் கணக்கு வாத்தியார்